நாற்பது விநாடிக்கு ஒரு முறை

கேபிள் இன்னும் அவள் கையில்தான் இருந்தது. அதற்குள் திரையில் கோடு எழும்பிவிட்டது.

சர்வருக்குள் போவதையும் வெளியே வருவதையும் கண்காணிக்க அவள் தயார் செய்திருந்த கணினி அது. சுவர்ப் பெட்டியில் இருக்கும் நெட்வொர்க் சுவிட்சில் இந்தக் கேபிளைச் செருகினால்தான் அதற்குக் கண் திறக்கும். செருகவில்லை. இருந்தும் பச்சைக் கோடு ஒரு முறை எழும்பி அடங்கியது. நாற்பது விநாடி கழித்து மறுபடியும் எழும்பியது.

"உனக்குமா கொழுப்பு" என்றாள் கணினியைப் பார்த்து. அன்று அவள் திட்டாத பொருள் அந்த அலுவலகத்தில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம். ஏசி நிறுத்தியிருந்த கூடத்தில் தரைவிரிப்பின் புழுங்கிய வாடை, காலி நாற்காலிகள், எங்கோ ஒரு ஜன்னல் திரை சுவரில் உரசும் ஓசை, அவள் மேசைக்கு நேரெதிரே சர்வர் அறையின் இரும்புக் கதவு, அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி, அதற்கப்பால் ஓயாத விசிறிகளின் முனகல். விடுமுறை நாளில் அவளை இங்கே உட்கார வைத்தது மேலாளரின் வாய்.

"சர்வர்ல இருந்து ஏதோ வெளிய போயிட்டே இருக்கு. பாஸ்வேர்டு உங்கிட்டதான் இருக்கு" என்று வெள்ளிக்கிழமை பத்துப் பேர் முன்னால் சொன்னார். "திங்கக்கிழமை காலைல என் மேசைமேல ரிப்போர்ட் இருக்கணும். இல்லன்னா ராஜினாமா இருக்கணும்."

திருடி என்ற ஒரு சொல்லைத்தான் அவர் பாக்கி வைத்தார். ஒன்பது வருஷ உழைப்பு அந்த ஒரு நிமிடத்தில் நாறிப்போனது. அதை நினைத்தபோதே அவள் காது மடல் கொதித்தது.

கேபிளைச் செருகினாள். கோடு அதே தாளத்தில் எழும்பியது. கண்காணிக்கும் கணினி தன் சொந்தப் பேச்சையே ஒட்டுக்கேட்டு எண்ணிக்கொண்டிருக்கும். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு. அதுதான் என்று அந்தக் கணினியின் முகவரியைக் கணக்கிலிருந்து விலக்கினாள். கோடு போகவில்லை. சர்வரிலிருந்து கிளம்பிய அந்தத் துளித் தகவல் கட்டடத்தை விட்டு வெளியே போகவும் இல்லை. அது போய்ச் சேர்ந்த இடம், எதிரே இருந்த இரும்புக் கதவின் பூட்டு.

அவளுக்கு உடனே லேபிள் அண்ணன் ஞாபகம் வந்தது.

அவளுக்கு முன்னால் அந்த சர்வரைப் பார்த்துக்கொண்டவர். கையடக்க லேபிள் மெஷினோடு அலைவார். கேபிள், குடை, சாப்பாட்டு டப்பா, எதையும் விட மாட்டார். அவள் கோபத்தைக் கேலி செய்து அவள் நாற்காலி முதுகிலும் ஒன்று ஒட்டியிருந்தார்: 'சூடு. தொடாதீர்கள்.' அவள் அதைப் பிய்க்கவே இல்லை.

அந்தக் கதவுக்குள்ளே இருக்கும் திறப்புப் பொத்தான் கெட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. மூன்று முறை எழுதிக் கேட்டும் மேலாளர் மாற்றித் தரவில்லை. அதனால் ஒரு பழக்கம் உண்டாகிவிட்டது. உள்ளே போனவர், அங்கிருக்கும் கீபோர்டில் காரணம் தட்டி, கதவு கேட்பார். வெளியே பொறுப்பில் இருப்பவர் தன் திரையில் 'அனுமதி' என்பதை அழுத்துவார். ஆறு மாதத்துக்கு முன் இதே போல் ஒரு ஞாயிறு, லேபிள் அண்ணன் உள்ளே இருந்தபோது தீயணைப்பு வாயு திறந்துகொண்டது. அது திறந்தால் மணி அடிக்கும்; மூன்று நிமிடத்தில் அந்த அறையில் மூச்சுவிடக் காற்று இருக்காது. அண்ணன் உயிரோடு வெளியே வரவில்லை. அன்று பொறுப்பில் இருந்தவர் மேலாளர். "எனக்கு ஒரு ரிக்வெஸ்ட்டும் வரல. அவருக்கு ஏற்கெனவே இதயக் கோளாறு" என்றார். பதிவுகளும் அழிந்துபோயிருந்தன.

அவள் ஒரு துளியைப் பிரித்துப் படித்தாள்.

காரணம்: வேலை முடிந்தது. கதவு திறக்கவும்.

அடுத்தது. காரணம்: மணி அடிக்கிறது. கதவு.

அடுத்தது. காரணம்: மூச்சு.

ஒவ்வொன்றுக்கும் பதில் போயிருந்தது. மறுப்பு. மறுப்பு. மறுப்பு. மேலாளரின் பெயரில். தேதி, ஆறு மாதத்துக்கு முந்தைய அந்த ஞாயிறு.

 அவளுக்குக் கோபம் ஏறியது. போனை எடுத்தாள்.

"சார், ரிப்போர்ட் ரெடி. அண்ணன் கதவு கேட்டிருக்காரு. நீங்க மாட்டேன்னிருக்கீங்க."

மறுமுனையில் மேலாளர், "எதையும் தொடாத. வர்றேன்."

இருபது நிமிடத்தில் வந்தார். வீட்டுச் செருப்பு, வியர்த்த கழுத்து. திரையைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"அப்ப குடும்பத்தோட வெளிய இருந்தேன். அந்த மனுஷன் எப்பவும் எதையாவது கேட்டு நச்சரிப்பாரு. போன்லயே, பாக்காம அழுத்திட்டேன்" என்றார். "சர்வர ஆஃப் பண்ணு."

"நான் பண்ண மாட்டேன். வேணும்னா நீங்களே உள்ள போய்ப் பிடுங்குங்க."

அவர் தன் அட்டையைக் காட்டிக் கதவைத் திறந்தார். உள்ளே போனார். இரும்பு ஓசையோடு கதவு சாத்திக்கொண்டது.

கோடு நின்றது. முதல் முறையாக. நாற்பது விநாடி. எண்பது. தட்டையாக, அமைதியாக.

பிறகு அவள் திரையில் ஒரு கோரிக்கை வந்தது. காரணம்: கதவைத் திற.

அனுமதி. மறுப்பு. இரண்டு பொத்தான்கள். மவுஸ்மேல் கை இருந்தது. கொஞ்ச நேரம் கிடக்கட்டும் என்று நினைத்தாள். அப்படித்தான் நினைத்தாள், சந்தேகமே இல்லை. ஒரே ஒரு நிமிடம், தெரியட்டும் அவருக்கு.

உள்ளே மணி அடித்தது.

'அனுமதி'யை அழுத்தினாள். கோடு எழும்பியது. பதிலைப் பிரித்துப் பார்த்தாள்.

மறுப்பு. அவள் பெயரில்.

மறுபடி அழுத்தினாள். மறுப்பு. ஓடிப்போய்த் தன் அட்டையைப் பூட்டில் தேய்த்தாள். சிவப்பு விளக்கு. கைப்பிடியை இழுத்தாள். தோள்பட்டை வலித்தது. கதவு அசையவில்லை. தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டாள். "பத்து நிமிஷத்துல வந்துடுவோம்மா" என்றது ஒரு குரல்.

பத்து நிமிடம்.

கண்ணாடியில் மேலாளரின் இரண்டு உள்ளங்கைகள். அறைகின்றன. வாய் திறந்து மூடுகிறது. சத்தம் வரவில்லை.

கதவை விடாமல், மேசைமேல் இருந்த திரையைத் திரும்பிப் பார்த்தாள். கோடு எழும்பியது. காரணம்: மூச்சு. பதில், அவள் பெயரில்: மறுப்பு. மவுஸ் மேசைமேல் கிடந்தது. அவள் கைகள் இரண்டும் கதவில் இருந்தன.

மணி நின்றது. மேலாளரின் கைகள் கண்ணாடியை விட்டு மெல்லக் கீழே வழுக்கின.

விசிறிகளின் முனகலுக்கு நடுவே, உள்ளேயிருந்து, லேபிள் மெஷின் நாடாவைத் தள்ளும் மெல்லிய கிர்ர் ஓசை.

கண்ணாடிக்கு அப்பால் இன்னொரு கை வந்தது. அவசரமே இல்லாமல், நேர்கோடு பார்த்து, ஒரு வெள்ளை லேபிளை அவள் பக்கம் தெரியும்படி ஒட்டியது. ஓரங்களைக் கட்டைவிரலால் நீவிவிட்டது.

சூடு. தொடாதீர்கள்.