தொட்டியைக் காலி செய்யச் சொன்னவள்

லாபு ஊரைத் தாண்டியதும் தார்ச்சாலை முடிந்து செம்மண் பாதை தொடங்கியது. இரண்டு பக்கமும் செம்பனை. ஹேமநாதன் மோட்டார் சைக்கிளைச் சேற்றில் வழுக்காமல் மெல்ல ஓட்டிக்கொண்டு போனான். பின்னால் ஒரு துணிப்பை. முன்கொக்கியில் மனைவி ரோகினி கட்டிக் கொடுத்த சோறு. நவம்பர் மழை அப்போதுதான் ஒரு பாட்டம் அடித்து ஓய்ந்திருந்தது. பாதை முடிகிற மேட்டில் பழைய துரை பங்களா நின்றது.

சிரம்பானில் ஒரு ஹோட்டலின் நீச்சல்குளத்தைப் பல வருஷம் பார்த்துக்கொண்டவன் அவன். ஹோட்டலை மூடிவிட்டார்கள். ஐம்பதைத் தொட்டவனை யாரும் கூப்பிடவில்லை. அம்பாங்கானில் தன் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தபோதுதான் இந்த வேலை வந்தது.

பங்களாவின் சொந்தக்காரர் தர்மேந்திரன் காரில் பெட்டிகளை ஏற்றிவிட்டுக் காத்திருந்தார். வெளிநாட்டில், பெர்த்தில் படிக்கும் பிள்ளைகளிடம் போகிறார். தை பிறந்து திரும்பி வந்ததும் மூத்த மகளுக்கு நிச்சயதார்த்தம், இந்தக் குளத்தங்கரையில்தான்.

"மழைக்காலம் முழுக்க நீ இங்கேயே தங்கிப் பார்த்துக்கணும். நான் வர்றப்ப தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கணும்."

"பம்ப்பை தினமும் ஓட விடுறேன் பாஸ். ஒவ்வொரு மழைக்கும் அப்புறம் குளோரின் போட்டு, இலையை அள்ளிடுவேன்."

குளம் பங்களாவுக்குக் கீழே, சரிவில் இருந்தது. குறுகலாக, நீளமாக, தேவைக்கு மேல் ஆழமாக. நீந்துவதற்காகத் தோண்டியதுபோலவே இல்லை.

"ரப்பர் காலத்து சிமெண்டுத் தொட்டி ஒன்னு இங்க கெடந்துச்சு. அதையே இழுத்துப் பெருசாக்கி டைல்ஸ் ஒட்டிட்டேன்" என்றார் தர்மேந்திரன். காரில் ஏறியவர் கண்ணாடியை இறக்கினார். "ஒரு கெழவி கேட் பக்கம் வரும். உள்ள விடாதே. நீ விட்டது தெரிஞ்சா அன்னைக்கே உன் பையைத் தூக்கிக்கலாம்."

அவள் அன்று மாலையே வந்தாள்.

மழை தூறிக்கொண்டிருந்தது. நிறம் போன குடையின் கீழ், முழங்கால்வரை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கம்பிக் கதவுக்கு வெளியே நின்றாள். எழுபதைத் தாண்டிய ஒடிசலான உடம்பு. அவன் விரட்டுவதற்காகத்தான் போனான். அவள் எதையும் கேட்டுக் கெஞ்சவில்லை.

"தம்பி, தண்ணி வெள்ளையாயிடுச்சா?"

"இல்லையே. ஏன் பெரியம்மா?"

"ஆகும்" என்றாள். குடையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலையில் குளம் வெளுத்திருந்தது.

அவன் பதறவில்லை. விடாத மழை பெய்தால் குளத்துத் தண்ணீர் கலங்குவது புதிதல்ல. மருந்து போட்டான். வடிகட்டியைக் கழுவினான். மத்தியானத்துக்குள் அடித்தரை தெரிந்தது. அடுத்த நாள் விடிந்தபோது மறுபடியும் வெள்ளை, முன்னைவிடக் கெட்டியாக. தண்ணீரிலிருந்து ஒரு வாடையும் வந்தது. குளோரின் வாடை இல்லை. புளித்த, குமட்டுகிற, பழைய வாடை. எங்கோ முகர்ந்திருக்கிறோமே என்று நின்றவனுக்குச் சட்டென்று பிடிபட்டது. அவன் சிறுவனாக இருந்தபோது தோட்டத்து லாரிகள் போன பிறகு சாலையில் வெகுநேரம் நிற்கும் அந்த வாடை.

ரப்பர் பால்.

சுற்றிலும் ஒரு ரப்பர் மரம்கூடக் கிடையாது. வெட்டிச் செம்பனை நட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

குளத்துப் படிக்கட்டில் ஏதோ ஏடு படிந்திருந்தது. வலையால் தள்ளினான், போகவில்லை. குனிந்து நகத்தால் நெம்பினான். தோல் உரிவதுபோல நீளமாக உரிந்து வந்தது. இழுத்தால் நீண்டது, விட்டால் சுருங்கியது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான்.

ஏட்டின் நடுவில் ஒரு குதிகால் அச்சு. அதற்கு முன்னால் ஐந்து விரல்கள்.

முழுப் பாதமும் அவன் உள்ளங்கைக்குள் அடங்கியது.

அன்று மாலை அவன் கதவருகே போய்க் காத்திருந்தான். வந்தவள் அவன் முகத்தைப் பார்த்தவுடனே புரிந்துகொண்டாள்.

"வந்திருச்சில்ல?"

"யாரு பெரியம்மா அது?"

குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கம்பியைப் பிடித்தாள். பெயர் முத்தாயி. மேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த தொழிலாளர் லயத்தில் பிறந்து, இங்கேயே ரப்பர் மரத்தைக் கீறிப் பால் வெட்டியவள். இப்போது தாமான் குடியிருப்பில் மகன் வீட்டில் இருக்கிறாள்.

"என் மக. வள்ளின்னு பேரு. நாலு வயசு. அன்னைக்கும் இப்படித்தான் மழை. நான் பாலை எடுத்தாந்து இங்க இருந்த ஸ்டோருல நிறுவைக்கு நிக்கிறேன். பின்னாலயே வந்திருக்கா. திரும்பிப் பார்க்கிறேன், காணோம். தோட்டத்துப் பால் முழுக்க இந்தத் தொட்டியிலதான் ஊத்துவாங்க தம்பி. தொட்டி விளிம்புல அவ செருப்பு ஒன்னு கெடந்துச்சு. பாலை உறைய வைக்க அப்பதான் ஆசிட் கலக்கியிருந்தாங்க. பால் இன்னும் உறையல. தொட்டியைக் காலி பண்ணுங்கன்னு மேனேஜர் காலைப் புடிச்சேன். கணக்கு எழுதுற கிராணி காலைப் புடிச்சேன். ஒரு நாள் பால் முழுக்க வீணாப் போயிடும்னாங்க. புள்ள ஆத்துப் பக்கம் போயிருக்கும், போயி தேடுன்னாங்க."

மழை வலுத்தது. அவள் குரல் உயரவே இல்லை.

"விடிய விடிய ஆத்துல தேடினோம். காலையில பால் உறைஞ்சிருச்சு. எங்க யாரையும் ஸ்டோருகிட்ட விடல. மத்தியானம், ஆத்துல புள்ள கெடைச்சிருச்சுன்னு சொல்லி ஒரு பெட்டியைக் கொண்டாந்தாங்க. ஆணி அடிச்ச பெட்டி. தொறக்கக் கூடாதுன்னுட்டாங்க. எம் புள்ள மொகத்தை நான் பார்க்கல. அந்தப் பெட்டிக்குள்ள என்ன இருந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."



"ஒரே ஒரு தடவை தொட்டியைக் காலி பண்ணிக் காட்டு தம்பி. பார்த்துட்டுப் போயிடுறேன். வேற ஒன்னும் வேணாம்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் சொல்லப்போவது பொய்யில்லை. மழைக்காலத்தில் நிலத்துக்கு அடியில் ஊற்று ஏறியிருக்கும். குளம் காலியாக இருந்தால் கீழிருந்து தண்ணீர் முட்டித் தரையையே தூக்கி உடைத்துவிடும்.

"இப்ப காலி பண்ணக்கூடாது பெரியம்மா. தொட்டி வெடிச்சிடும். என் வேலை போயிடும்லா. மழை நிக்கட்டும், நானே கூப்பிடுறேன்."

முத்தாயி கம்பியிலிருந்து கையை எடுத்தாள்.

"அன்னைக்கும் ஒரு காரணம் சொன்னாங்க" என்றாள்.

பாதையில் இறங்கிப் போனவள் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த மாலை அவள் வரவில்லை. அதற்கடுத்த மாலையும் வரவில்லை.

தண்ணீர் தடிக்கத் தொடங்கியது. மழைத்துளிகள் விழும்போது சத்தமே வரவில்லை. மெத்தையில் விழுவதுபோல விழுந்தன. ரோகினியைக் கூப்பிட்டுச் சொன்னான். "பையைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்கு வாங்க" என்றாள் அவள். "வந்து என்ன பண்றது?" என்று கேட்டான்.  

அன்று பிற்பகல் வானம் கரேலென்று இருண்டு மழை கொட்டியது. பம்ப் தொண்டை அடைத்ததுபோல இருமி நின்றுபோனது. குளத்துச் சுவரில், இலைகளை உறிஞ்சும் வாயில் ஏதோ அடைத்திருக்க வேண்டும். விளிம்பில் மண்டியிட்டுக் கையை உள்ளே விட்டான்.

குளிர்ந்த, கொழகொழவென்ற ஒன்று கையில் பட்டது. தோண்டித் தோண்டி வெளியே எறிந்தான். இன்னும் உள்ளே, முழங்கைவரை விட்டான்.

ஏதோ அவன் ஆள்காட்டி விரலைப் பிடித்தது.

சின்ன விரல்கள். ஒவ்வொன்றாக வந்து சுற்றிக்கொண்டன.

இழுக்கவில்லை. கிள்ளவில்லை. சாலையைக் கடக்கும்போது குழந்தை பெரியவர்களின் விரலைப் பிடிக்குமே, அப்படிப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தது.

மழை முதுகில் அறைந்தது. அவனுக்குக் கீழே, வெள்ளைத் தண்ணீருக்குள்ளிருந்து, வாயில் துணி அடைத்ததுபோல ஒரு குரல் வந்தது.

"ம்மா...?"

"நான் இல்லம்மா" என்றான் ஹேமநாதன். "நான் உன் அம்மா இல்ல."

விரல்கள் விட்டன. அது விட்ட விதத்தை அவன் சாகும்வரை மறக்கமாட்டான். வேண்டாம் என்று சொல்லப்பட்ட குழந்தை விடுவதுபோல விட்டது.

விடிந்ததும் அவன் குளத்தின் அடியிலிருந்த வடிகுழாயைத் திறந்தான். இன்னொரு பம்ப்பையும் உள்ளே இறக்கினான். வெள்ளைத் தண்ணீர் வாய்க்காலில் புரண்டு செம்பனைகளுக்குள் ஓடியது. கைப்பேசி அலறியது. தர்மேந்திரன் பெர்த்திலிருந்தே பங்களாவில் மாட்டியிருந்த கேமராவில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டேய், என்னடா பண்றே? மழைக்காலத்துல காலி பண்ணா என்ன ஆகும்னு எனக்கே தெரியும், உனக்குத் தெரியாதா?"

"இதுக்குள்ள ஒரு புள்ள இருக்கு பாஸ்."



"அந்தக் கெழவி சொன்னாளா? எங்கப்பா அங்க கிராணியா இருந்தவரு. அந்தப் பெட்டிக்கு அவருதான் ஆணி அடிச்சாரு. அதெல்லாம் முடிஞ்சு போன கதை. குழாயை மூடு."

"பெட்டிக்குள்ள என்ன இருந்துச்சு பாஸ்?"

"குழாயை மூடுடா!"

ஹேமநாதன் கைப்பேசியை அணைத்துப் பைக்குள் போட்டான்.

தண்ணீர் கணுக்கால் அளவுக்கு இறங்கியபோது வெடி வைத்ததுபோல ஒரு சத்தம். தரை நடுவில் உப்பி எழுந்து, டைல்ஸ் சிதறின. பிளவின் அடியில் பழைய தொட்டியின் கறுத்த சிமெண்டு தெரிந்தது. அவன் இறங்கினான். ஒவ்வொரு மூலையாகத் தடவினான். உடைந்த ஓடுகளைப் பெயர்த்துப் பெயர்த்துப் பார்த்தான்.

ஒன்றுமில்லை. ஓர் எலும்பில்லை, ஒரு துணிக்கிழிசல் இல்லை. ஊற்றுநீர் மட்டும் சேறாகக் கசிந்துகொண்டிருந்தது. குளம் போயிற்று, வேலையும் போயிற்று.

இருந்தாலும் அவளிடம் சொல்ல வேண்டும். வந்து உன் கண்ணால் பார் என்று கூப்பிட வேண்டும். மோட்டாரை எடுத்துக்கொண்டு தாமானுக்குப் போனான். கடையில் விசாரித்தான். கடைக்காரர் கையை மட்டும் நீட்டிக் காட்டினார்.

அந்த வரிசையில் ஒரு வீட்டின் முன்னால் பந்தல் போட்டிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பறை ஓய்ந்திருந்தது. தெருமுனையில் பிண வண்டி திரும்பி மறைவதைத்தான் அவனால் பார்க்க முடிந்தது.

"மழையில நனைஞ்சு காய்ச்சல்" என்றாள் மருமகள் தனலெட்சுமி. வாசலில் வாளியும் துடைப்பமுமாக நின்றிருந்தாள். அழுது வீங்கிய முகம். "ரெண்டு நாளா பினாத்தல். தொட்டியைத் தொறந்துட்டாங்களா, தொறந்துட்டாங்களான்னு. நேத்து சாயங்காலம் போயிட்டாங்க. நீங்க யாரு?"

"அந்தத் தொட்டியைத் தொறந்தவன்" என்றான் அவன்.

அவளுக்கு விளங்கவில்லை. அவனை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். பிணம் எடுத்த வீட்டைக் கழுவிவிட வேண்டுமே. வாளித் தண்ணீரைக் கூடத்தில் வீசி ஊற்றும் சத்தம் கேட்டது. துடைப்பம் இரண்டு தடவை சரசரத்தது. பிறகு நின்றுவிட்டது.

வாசற்படியில் வழிந்து வந்த தண்ணீரைப் பார்த்து ஹேமநாதன் எழுந்தான்.

வெள்ளையாக இருந்தது.

"அண்ணே" என்று உள்ளேயிருந்து மெல்லிய குரலில் கூப்பிட்டாள் தனலெட்சுமி. "இங்க கொஞ்சம் வாங்களேன். நான் பச்சைத் தண்ணிதான் ஊத்தினேன். வேற ஒன்னும் கலக்கல."

கூடத்தின் தரையில் வெள்ளைத் தண்ணீர் பரவிக் கிடந்தது. நடுவில், முத்தாயியின் தலைமாட்டில் விளக்கு வைத்திருந்த இடத்துக்கு அருகில், இரண்டு இடங்களில் மட்டும் தண்ணீர் ஒட்டவில்லை. சின்னச் சின்ன இரண்டு பாதங்கள். அருகருகே, அசையாமல் நின்ற பாதங்கள்.

தனலெட்சுமி இன்னொரு வாளியைச் சாய்த்தாள். தண்ணீர் ஓடி வந்து அந்த இடத்தைத் தொட்டது. இரண்டாகப் பிரிந்தது. சுற்றிக்கொண்டு போயிற்று.