யாரும் பார்க்காத வெள்ளைக் கார்

"ஏய்ய்... நிறுத்து! நிறுத்துடா திருடா!"

கொட்டுகிற மழையில், கிளம்பிய காருக்கு முன்னால் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு பாய்ந்து நின்றாள் சுமிரே. பிரேக் கிறீச்சிட்டது. அவள் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது வண்டி.

ஜன்னல் கண்ணாடி இறங்கியது. உள்ளே நனைந்த கோழியாக ஒருவன், நெற்றியெல்லாம் முடி ஒட்டிக்கிடக்க...

"என்னங்க, உயிர விட வேற எடமே கிடைக்கலையா? என் காருக்கு முன்னாடிதானா?"

"உங்க காரா? பின் சீட்டப் பாருங்க. அந்தப் பூப்போட்ட மஞ்சத் தொப்பி உங்களோடதா?"

அவன் திரும்பிப் பார்த்தான். காது மடல்கள் சிவந்தன. கலங்கரை விளக்கத்தின் அடிவாரத்தில், இரண்டடி தள்ளி இன்னொரு வெள்ளைக் கார் நின்றது. அதே அளவு, அதே நிறம், எண் பலகையில் அதே 'வ' எழுத்து. அந்த எழுத்து இருந்தால் வாடகைக் கார் என்று ஜப்பானில் யாருக்கும் தெரியும்.

"ஐயோ, மன்னிச்சிருங்க! பொத்தான அமுக்கினேன், கிளம்பிருச்சு. என் சாவி என் பாக்கெட்லதான் இருக்கு... அப்ப உங்க சாவி?" தேடினான். கியருக்குப் பக்கத்துக் குழியில் கிடந்தது. "வண்டிக்குள்ளயே சாவியப் போட்டுட்டு யாராவது போவாங்களா?"

"இந்தத் தீவுல நாங்க எல்லாரும் அப்படித்தான் போவோம்!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அப்ப நீங்க உள்ளூரா? உள்ளூருக்கு எதுக்குங்க வாடகைக் கார்?"

சாதாரணக் கேள்விதான். ஆனால் அந்தக் கண்கள்... இமையில் மழைத்துளி நிற்க, பதில் வரும்வரை நகரமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தன. சுமிரேவுக்கு எரிச்சலாக வந்தது. வெறும் எரிச்சல்தானா என்று யாராவது கேட்டிருந்தால் திணறியிருப்பாள்.

"முதல்ல என் வண்டிய விட்டு எறங்குங்க."

பிராயச்சித்தமாகச் சாப்பாடு வாங்கித் தருவதாகச் சொன்னான். அவளோ கடைக்குள் வரவே மாட்டேன் என்றாள். கடைசியில் சோற்று உருண்டையும் பொரித்த கோழியும் அவளுடைய காருக்கே வந்து சேர்ந்தன. கடல் பக்கம் மழை, மலைப் பக்கம் வெயில்... இஷிகாக்கித் தீவின் ஜூன் மாதம் எப்போதும் அப்படித்தான்.

அவன் பெயர் கோஹெய். பனி கொட்டும் அகிதாவிலிருந்து வந்த மாட்டு வைத்தியன். இந்தத் தீவில் அவனுக்கு ஒரு வேலை தயாராக இருந்தது. வருகிறானா இல்லையா என்று நாளை மாலை ஐந்து மணிக்குள் சொல்லியாக வேண்டும். அதற்குள் ஊரைச் சுற்றிப் பார்த்துவிடலாம் என்று வந்திருக்கிறான்.

"என் கதை முடிஞ்சுது. இப்ப உங்க முறை."

நாலு வருஷமாக யாரிடமும் சொல்லாததை, வாயில் சோற்றோடு, ஒரு கார் திருடனிடம் சொன்னாள் சுமிரே.

"நான் ஒசாகாவுல பஸ் ஓட்டறேன். கிளம்பறப்ப அப்பா சொன்னாரு, 'அன்னாசித் தோட்டத்த விட்டுட்டு பஸ் ஓட்டப் போறியா, போ... திரும்பி வராத'ன்னு. 'கூப்பிட்டாலும் வரமாட்டேன்'னு நானும் சொல்லிட்டேன்."

"ஆனா வந்திருக்கீங்களே?"

"வருஷா வருஷம் வருவேன். இங்க எல்லாருக்கும் எல்லாரோட வண்டியும் தெரியும். ஆனா 'வ' வண்டிய மட்டும் எவனும் ஏறிட்டுப் பாக்கமாட்டான். சுற்றுலாக்காரன்னு ஒதுங்கி வழி விட்டுட்டுப் போயிடுவாங்க. ரெண்டு நாள் சுத்துவேன். தோட்டத்தத் தூரத்துலேர்ந்து பாப்பேன். போயிடுவேன்."

"அம்மாடி... எவ்ளோ வீம்பு!"

"பரம்பரைச் சொத்து," என்றாள் பெருமையாக.

மறுநாள் அவள் முன்னால், அவன் பின்னால். இரண்டு வெள்ளைக் கார்கள் வளைந்து வளைந்து தீவைச் சுற்றின. வலது விளக்கை இரண்டு தரம் மினுக்கினால் கடலைப் பார் என்று அர்த்தம். இடது விளக்கென்றால் மேட்டைப் பார். ஒரு திருப்பத்தில் மாடுகள் சாலையை மறித்தன. கோஹெய் இறங்கி, ஒரு கன்றின் கண்ணைத் திறந்து பார்த்து, அதன் காதில் என்னமோ முணுமுணுத்தான். அந்தப் பெரிய கைகள் எத்தனை மெதுவாக... சுமிரே பார்வையைத் திருப்ப மறந்துபோனாள்.

"மாட்டுக்கிட்ட என்ன ரகசியம்?"

"முன்னாடி போற காரு ரொம்ப அழகுன்னு சொன்னேன்."

"காரா?"

"அதுகிட்ட கார்னுதான் சொன்னேன்."

அடுத்த பத்து கிலோமீட்டருக்கு அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பஸ் ஓட்டும்போது இப்படிச் சிரித்தால் பயணிகள் இறங்கி ஓடியிருப்பார்கள்.

மூன்றரை மணிக்குத் தோட்டம் வந்தது. சாலையோரம் நிறுத்தினாள். சிவப்பு மண்ணில் வரிசை வரிசையாக அன்னாசி. தூரத்தில் ஒரு வைக்கோல் தொப்பி குனிந்து நிமிர்ந்தது.

"போய் ஒரு வார்த்தை பேசுங்களேன்," என்றான் அவள் ஜன்னலுக்கு வந்த கோஹெய்.

"அவர் கூப்பிடட்டும்."

"அவரும் அதையேதான் நெனச்சிட்டு இருப்பாரு."

"அது எங்க வீட்டு விஷயம்."

"நேத்துலேர்ந்து என் விஷயமும்தான்." அவன் குரல் அழுத்தமாக வந்தது. "வேலைக்குச் சரின்னு சொல்ல ஆசையா இருக்கு. காரணம் மாடு இல்ல. ஆனா நீங்க வருஷத்துக்கு ரெண்டு நாள் ஒளிஞ்சு வந்துட்டு ஒளிஞ்சு போவீங்க. மிச்ச நாளெல்லாம் நான் இங்க தனியா உங்களத் தேடிட்டு இருக்கணுமா? அதுக்கு நான் அகிதாவுலயே இருந்துடறேன்."

"இருங்களேன்! உங்கள யாரு கையப் புடிச்சு இழுத்தாங்க?"

சொல்லிவிட்டு வண்டியை விருட்டென்று கிளப்பினாள். கண்ணை மறைத்தது மழையில்லை. வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. ரெண்டு நாள் பழகினவன்... அவனுக்கென்ன தெரியும்! எல்லாம் தெரிந்திருந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஆறு மணி விமானம். ஏறி உட்கார்ந்துவிட்டால் முடிந்தது.

அரை மணி நேரம் எங்கெங்கோ ஓட்டினாள். கரும்புக் காட்டுக்கு நடுவே ஒற்றை வண்டிப் பாதை. எதிரே ஒரு குட்டி லாரி வந்தது. பின்னால் அன்னாசிப் பெட்டிகள், முன்னால் வைக்கோல் தொப்பி.

அப்பா!

சுமிரே பிரேக்கை மிதித்தாள். லாரியும் நின்றது. அப்பா எண் பலகையைப் பார்த்தார். தலையை லேசாகத் தாழ்த்தினார். பிறகு, ஊருக்குப் புதிதாக வந்தவர்களுக்குத் தீவுக்காரர்கள் செய்வது போலவே, அத்தனை பெட்டிகளோடும் லாரியைப் பின்னோக்கி நகர்த்த ஆரம்பித்தார். போ என்று கையைக் காட்டினார்.

அந்தக் கை அவளைக் கொன்றது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். பெற்ற மகளுக்கு, யாரோ ஒருத்திக்கு விடுவது போல வழி விடுகிறாரே...

கதவைத் திறந்துகொண்டு ஓடினாள்.

"அப்பா! நான்ப்பா, சுமிரே! எனக்கே ஒதுங்கி வழி விடறீங்களா?"

லாரியின் சத்தம் நின்றது.

"தெரியும்," என்றார் அப்பா.

"தெரியுமா?"

"சுற்றுலாக்காரன் கடலப் பாத்துட்டு நிப்பான். வருஷா வருஷம் கடலுக்கு முதுகக் காட்டிட்டு, என் அன்னாசியப் பாத்துட்டு நிக்கிற வண்டிக்குள்ள வேற யாரு இருப்பா?"

"தெரிஞ்சும் ஏன் கூப்பிடல?"

"கூப்பிட்டாலும் வரமாட்டேன்னு சொல்லிட்டுப் போனவ நீதானடி. கூப்பிட்டு நீ வராமப் போயிட்டா... அப்புறம் நான் என்ன பண்றது?"

ஜன்னலில் இருந்த அந்த முரட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு சுமிரே விக்கி விக்கி அழுதாள். அப்பா தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"பின்னாடி இன்னொண்ணு வந்து நிக்குது. அதுக்கும் வழி விடணுமா?"

திரும்பினாள். இரண்டாவது வெள்ளைக் கார். அகிதாவுக்குப் போகிறேன் என்றவன் அவளைத் தேடி வந்திருந்தான்.

"விடாதீங்கப்பா," என்றாள் கண்ணைத் துடைத்தபடி. "அது போகக் கூடாத வண்டி."

நேராக அவன் ஜன்னலுக்குப் போனாள்.

"மணி என்ன?"

"நாலேகால்... சுமிரே, நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது..."

"போன் போடு. வரேன்னு சொல்லு."

அவள் 'நீங்க'வை விட்டதை அவன் கவனித்துவிட்டான். கண்கள் விரிந்தன. "நீ?"

"நான் இன்னிக்குப் போகல. ஒசாகாவுல கணக்க முடிச்சுட்டு வர ரெண்டு மாசம் ஆகும். இங்கயும் பஸ் ஓடுது."

"அப்பா ஒத்துக்குவாரா?"

"ஒத்துக்கலைன்னா இந்தத் தடவை வீட்டுக்குள்ள உக்காந்து சண்டை போடுவேன். எனக்கு உன்னப் புடிச்சிருக்கு கோஹெய். ரெண்டு நாள்தானேன்னு கேக்காத. ரெண்டு நாள் எனக்குப் போதும்."

அவன் அவளைப் பார்த்தபடியே போனை எடுத்தான்.

"ஹலோ... நான் கோஹெய் பேசறேன். வேலைக்கு வரேங்க. இல்லீங்க, யோசிக்க ஒண்ணுமில்ல. நான் கட்டிக்கப் போற பொண்ணு இந்த ஊருங்க."

சுமிரே அவனை முறைத்தாள். முறைத்தபடியே, அப்பா நன்றாகப் பார்க்கட்டும் என்று, ஜன்னலுக்குள் கையை விட்டு அவன் கையைப் பற்றிக்கொண்டாள்.