போதுமா, தடியா?

பொடிசுக்கு ஆசை வந்தபோது அதோடு சேர்ந்து பயம் வரவில்லை. பயம் பிறகுதான் வந்தது. வந்ததும், போகமாட்டேன் என்று நெஞ்சுக்குள் குடித்தனமே நடத்த ஆரம்பித்துவிட்டது.

ஆசை இதுதான். வருடத்துக்கு ஒருமுறை நாய்களுக்கு நெடுந்தூர ஓட்டச் சோதனை நடக்கும். ஆள் சைக்கிளில் போகவேண்டும், நாய் பக்கத்தில் ஓடிவரவேண்டும். மொத்தம் இருபது கிலோமீட்டர். நடுவில் இரண்டு இடங்களில் ஓய்வு. குறித்த நேரத்துக்குள் முடித்தால் நாயின் கழுத்துக்கு ஒரு நீலப் பட்டை.

"என் தடியனுக்கு நீலம் எடுப்பா இருக்கும்" என்று சொல்லி, பொடிசு பெயர் கொடுத்துவிட்டு வந்தாள்.

தடியன் பெயருக்கேற்ற நாய். குட்டியாக வந்தபோது அப்பாவின் செருப்புக்குள் தூங்கினான். இப்போது அந்தச் செருப்பு அவன் வாய்க்குள் தூங்குகிறது. பொடிசோ வீட்டின் கடைக்குட்டி, பத்து வயதுக்குக் கொஞ்சம் குள்ளம். இருவரும் தெருவில் இறங்கினால், "யாரு யாரைக் கூட்டிட்டுப் போறீங்க?" என்று அக்கா கேட்காத நாளில்லை.

சைக்கிள் கடை வைத்திருந்த அப்பா, பொடிசின் சைக்கிளில் பக்கவாட்டுக் கம்பி ஒன்றைப் பொருத்தி, தடியனின் கயிற்றை அதில் மாட்டிக்கொடுத்தார். பயிற்சி தொடங்கியது. முதலில் தெருவைச் சுற்றி, பிறகு தண்ணீர்த் தொட்டி வரை, பிறகு வாய்க்கால் சாலையில் வெகுதூரம். தடியன் வேகம் குறைந்தால் பொடிசு குனிந்து, "இன்னும் கொஞ்சம்தான்டா!" என்பாள். உடனே காதை மடக்கிக்கொண்டு பறப்பான். அவளுக்குப் பெருமையில் தலைகால் புரியாது.

ஒரு மாலை இருவரும் வீடு திரும்பினார்கள். தடியன் ஒரு கிண்ணம் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சமையலறையில் போய்ப் படுத்தான். பின்னாலேயே வந்த அம்மா அலறினாள்.

"ஐயோ, என்னடி இது? தரையெல்லாம் ரத்தம்!"

வாசலிலிருந்து சமையலறை வரை சிவப்பு சிவப்பாகக் காலடித் தடங்கள். பொடிசு ஓடிப்போய்த் தடியனின் பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

நாய் டாக்டரம்மா பாதங்களைத் துடைத்துக் கட்டுப்போட்டார். "தோல் உரிஞ்சிருக்கு. வழியில நொண்டினானா?"

"இல்ல டாக்டர். கடைசி வரைக்கும் நல்லாத்தான் ஓடினான்."

"சில நாய் அப்படித்தான். நீ ஓடுன்னா ஓடும். கால் போனாலும் ஓடும், நெஞ்சு அடைச்சாலும் ஓடும்."

டாக்டரம்மா அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் பயம் குடிவந்தது அன்றைக்குத்தான்.

புண் ஆறியது. மெதுவாக ஓடலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஆனால் இப்போது தடியன் மூச்சுவிட்டாலே பொடிசு குனிந்து பார்ப்பாள். அடிக்கடி சைக்கிளை நிறுத்திவிட்டு அவன் நெஞ்சில் காதை வைப்பாள். டமடம என்று கேட்கும். அது அவன் நெஞ்சா தன் நெஞ்சா என்றே அவளுக்குத் தெரியாது.

"பேரை எடுத்துடலாம்ப்பா," என்றாள் ஒருநாள்.

"எடுத்துடலாம். ஆனா அவன் தினமும் சைக்கிள் பக்கத்துல போய் நின்னு வாலாட்டுறானே, அவன்கிட்ட யாரு சொல்றது?" என்றார் அப்பா.

அன்று சாப்பிடும்போது அம்மா கரண்டியோடு வந்தாள். "பொடிசு, இன்னும் கொஞ்சம் போடட்டுமா?"

மூலையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த தடியன் தடாலென்று எழுந்தான். கண்கூடச் சரியாகத் திறக்கவில்லை. தள்ளாடித் தள்ளாடி வாசலுக்குப் போய், சைக்கிள் பக்கத்தில் ஓடத் தயாராக நின்றான்.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். பொடிசுக்குச் சிரிப்பு வரவில்லை.

'இன்னும் கொஞ்சம்' என்று அவனைத் தேற்றுவதாகத்தான் அவள் நினைத்திருந்தாள். அவனோ அதை 'ஓடு' என்ற கட்டளையாகக் கற்றுவைத்திருக்கிறான்! அது மட்டுமா? எத்தனை முறை அந்தக் 'கொஞ்சம்' வாய்க்கால் நீளத்துக்கு நீண்டிருக்கிறது! வலிக்கிறது என்று சொல்ல அவனுக்கு ஒரு வழியும் இல்லை. அவள் அப்படி எதுவும் கற்றுக்கொடுக்கவே இல்லை.

மறுநாள் முதல் பொடிசு, களைத்தால் உட்காரலாம் என்று அவனுக்குப் பழக்க, புது வார்த்தை ஒன்றைத் தொடங்கினாள். ஓடும்போது நடுநடுவே, "போதுமா?" என்று கேட்பாள். தடியன் உட்கார்ந்தால் அதோடு சரி. தண்ணீர், தடவல், நடந்தே வீடு. உட்காராவிட்டால் ஓட்டம் தொடரும்.

தடியன் லேசுப்பட்டவனா? தண்ணீரும் தடவலும் கிடைக்கிறது என்றதும் தெருமுனைக்குத் தெருமுனை உட்கார்ந்தான்.

"உன்னை நல்லா ஏய்க்கிறான்டி," என்றாள் அக்கா.

"ஏய்க்கட்டும்," என்று பொடிசு ஒவ்வொரு முறையும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்பினாள். ஒருமுறைகூடக் கெஞ்சவில்லை, இழுக்கவில்லை.

சில நாளில் அவனுக்கே சலித்துவிட்டது. ஓடத்தானே அவனுக்குப் பிடிக்கும்! பிறகு 'போதுமா?' என்றால் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓடிக்கொண்டே இருப்பான். வெயில் ஏறினால் மட்டும் உட்காருவான். அப்படி அவன் உட்காரும்போதெல்லாம் பொடிசுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சோதனை நாளில் அவளுக்கு ஒரு வாய் ரொட்டிகூட இறங்கவில்லை. இரண்டு ஓய்விடங்களிலும் டாக்டரம்மா பாதம் பார்த்து, மூச்சுப் பார்த்து, "போகலாம்" என்றார். பொடிசு கேட்ட ஒவ்வொரு 'போதுமா?'வுக்கும் தடியன் ஓடியே பதில் சொன்னான்.

கடைசித் தெரு வந்தது. வெயில் சுள்ளென்று அடித்தது. தடியனின் மூச்சு ரம்பம் அறுப்பதுபோல் கேட்க, பொடிசு கேட்பதற்கு வாயைத் திறந்தாள். அதற்குள் இரண்டு பக்கமும் நின்ற கூட்டம் கைதட்டி உற்சாகமாகக் கத்தியது.

"இன்னும் கொஞ்சம்தான்! இன்னும் கொஞ்சம்தான்!"

எல்லோரையும்விடப் பெரிய குரல் அக்காவுடையது. கத்திய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தடியன் காதை மடக்கினான். பறந்தான். கயிறு விண்ணென்று இழுக்க, சைக்கிள் தாறுமாறாக ஆடியது. அவன் நாக்கு ஒருபக்கமாகத் தொங்கியது. 'நெஞ்சு அடைச்சாலும் ஓடும்.' டாக்டரம்மா சொன்னது பொடிசின் காதில் ஒலித்தது.

"போதுமா?" என்று கத்தினாள். கீச்சென்று வந்த குரல் கூட்டத்தின் இரைச்சலில் காணாமல் போனது.

பிரேக்கை மெல்ல அழுத்தி, அவன் காதுக்கு அருகே குனிந்தாள். "தடியா... போதுமா?"

மடங்கிய காது நிமிர்ந்தது. வேகம் குறைந்தது. எல்லைக்கோடு கூப்பிடு தூரத்தில் இருக்க, தடியன் நடுத்தெருவில் உட்கார்ந்தான்.

"ஐயோ!" என்றது கூட்டம். சோதனை நடத்துபவர் ஓடிவந்தார். "நேரம் ஓடுதும்மா!"

"ஓடட்டும் சார். அவன் ஓட வேண்டாம்."

சைக்கிளைப் போட்டுவிட்டு, அவனை ஒரு மரத்து நிழலுக்கு அழைத்துப்போனாள். தண்ணீர் கொடுத்தாள். நெஞ்சில் காதை வைத்தாள். டமடம. பிறகு டம், டம். கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. தடியன் தானே எழுந்து சோம்பல் முறித்து, எல்லைக்கோட்டை நோக்கி நடந்தான். பொடிசு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனாள். அவர்கள் கோட்டைத் தாண்டியபோது நேரம் முடிந்திருந்தது.

டாக்டரம்மா பாதங்களைத் திருப்பிப் பார்த்தார். "ஒரு கீறல் இல்லை. மூச்சும் இறங்கிடுச்சு. அந்த வெயில்ல, அந்த வேகத்துல கடைசி வரைக்கும் ஓடியிருந்தா..." பொடிசு அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுது தீர்த்தாள்.

"பட்டை இல்லைம்மா," என்றார் சோதனை நடத்துபவர் வருத்தமாக. "அடுத்த வருஷம் வருவீங்கல்ல?"

"அவனைக் கேட்டுத்தான் சொல்லணும் சார்."

அன்று இரவுச் சாப்பாட்டில் பொடிசின் பசி பெரும் பசி. நெஞ்சுக்குள் குடித்தனம் நடத்திய பயம் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தது. அம்மா அவள் தட்டில் பரிமாறிவிட்டுக் கேட்டாள்.

"போதுமா?"

மூலையில் படுத்திருந்த தடியன் கஷ்டப்பட்டு எழுந்து, நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அவனுக்குப் போதுமாம்," என்றாள் அக்கா. "உனக்கு?"

"எனக்கு இன்னும் கொ..." என்று தொடங்கிய பொடிசு, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். தடியனை ஓரக்கண்ணால் பார்த்தாள். பிறகு தட்டை மட்டும் நீட்டினாள்.