ஓரத்தை வெட்டிய படங்கள்

முந்தாநாள் படத்தில் வெட்டிவிட்ட வால், இன்று நாயிடம் இல்லை.

கமாலுதீன் டீக்கடை பெஞ்சிலிருந்தே பார்த்தார். காசிமேட்டு மீன் தின்று கொழுத்த அந்தச் செவலை நாய், முனகல்கூட இல்லாமல், பின்பக்கம் ரத்தம் சொட்டச் சொட்டத் தன்னையே சுற்றிச் சுற்றி வந்தது. லாரி ஏறியிருக்கும் என்றார்கள். யார் சொன்னாலும் நம்புகிற ஆள் இல்லை அவர். கிட்டப் போய்க் குனிந்தார். நசுங்கல் இல்லை. ஸ்கேல் வைத்துக் கீறியதுபோல நேரான வெட்டு.

ஐஸ் ஃபேக்டரி வேலையை விட்டபின் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு கிடந்தவருக்குப் பெரம்பூரிலிருக்கும் மகள் நவ்ரீன்தான் போன் வாங்கிக் கொடுத்து, "டெய்லி ஒரு போட்டோ எட்து எனக்கு அனுப்பு அத்தா" என்று உத்தரவு போட்டிருந்தாள். வேண்டாவெறுப்பாகத் தொடங்கியதுதான். இப்போது படகையோ, ஐஸ் பெட்டியையோ, சுவரில் காயும் வலையையோ ஒரு படமாவது எடுக்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்குவதில்லை. ஓரத்தை வெட்டக் கற்றுக்கொடுத்தவன் விசைப்படகில் வேலை செய்யும் யாசின்.

"ஓரத்துல கலீஜா கீது பாரு மாமு. வெட்டி வுடு. படம் ஷோக்கா ஆய்டும்."

நாயின் படத்தைத் தேடி, வெட்டியதைத் திரும்பப் போட்டார். படத்தில் வால் வந்துவிட்டது. நாய் அப்படியே சுற்றிக்கொண்டிருந்தது.

அன்று காலை யாசினையும் படம் எடுத்திருந்தார். நீட்டிய கையோடு அவன், கைக்கு அந்தப் பக்கம் குப்பை மேடு. குப்பையோடு சேர்த்து முழங்கை வரை வெட்டித்தான் மகளுக்கு அனுப்பியிருந்தார். பார்த்துவிட்டு யாசின் சிரித்தான்.

"இன்னா மாமு, என் கைய அபேஸ் பண்ட்ட. நாளைக்கு வலைய உன் தாடியாலயா இழுக்கறது?"

மறுநாள் ஆஸ்பத்திரியில், பினாயில் நாற்றத்தையும் மீறி ரத்தம் மணக்கும் வராந்தாவில், அவன் படுத்திருந்தான். கட்டு முழங்கையோடு முடிந்தது. வலை இழுக்கும் விஞ்சில் மாட்டிக்கொண்டது என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள்.

"கை எங்கடா?"

"தேடிகினு கீறாங்க. விஞ்சு கிட்டயே நான் போவல மாமு. பீடி பத்த வெச்சிகினு இருந்தேன். பீடியும் இல்ல, கையும் இல்ல."

இனி வெட்டுவதில்லை என்று முடிவு செய்தார். எடுப்பதில் தப்பில்லை, வெட்டுவதில்தான் தப்பு என்று தனக்கே சொல்லிக்கொண்டார். அடுத்த நாள் பகலில் காத்தூன் பீவி கொல்லைக் குழாயடியில் சங்கரா மீன் அரிந்துகொண்டிருந்தாள். மனைவி முழுசாக வரட்டும் என்று சுவர் முதுகில் இடிக்கும்வரை பின்னால் போனார். கால் விரல், முந்தானை நுனி, அரிவாள்மணை, எல்லாம் உள்ளே இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து எடுத்தார்.

அவள் சிரித்தாள். "எட்த்தது போதுமா? மீனு நாறிப் பூடும்."

வழக்கம்போல மகளுக்கு அனுப்பிவிட்டுக் கொத்தமல்லி வாங்கக் கிளம்பினார். கடைக்குப் போய்ச் சேருமுன் போனில் நவ்ரீனின் குரல் வந்தது.

"அம்மா சிரிப்பு சூப்பரா கீது அத்தா. அம்மா நம்பருக்கு இதான் டிபி. மூஞ்சிய மட்டும் ரவுண்டா வெட்டி வெச்சிட்டேன்."

திரும்பி ஓடினார். கன்டெய்னர் லாரிகளின் ஹாரன் காதை அடைத்தது, நிலக்கரித் தூசி தொண்டையில் இறங்கியது, ஒரு செருப்பு எங்கோ கழன்றது. மனைவிக்குப் போன் போட்டார். மணி போனது. வாசலுக்கு வந்தபோது அந்த மணி கொல்லையில் கேட்டது.

யாரும் எடுக்கவில்லை.

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. பாதி அரிந்த மீன். அவள் உட்கார்ந்திருந்த பலகையில் ஆள் இல்லை. தண்ணீர் சிவப்பாக வந்து அவர் வெறுங்காலை நனைத்தது. சூடாக. மீன் ரத்தத்துக்கு இந்தச் சூடு கிடையாது.

அலுமினியத் தட்டில் மீன்கள். மீன்களுக்கு நடுவே முகம்.

முகம் மட்டும். காது இல்லை. கழுத்து இல்லை. சுற்றிலும் வட்டமாக, பிசிறில்லாமல்.

அதே சிரிப்பு. கண்கள் அவர் கையிலிருந்த போனைப் பார்த்தன.

உதடு அசைந்தது.

"எட்த்தது போதுமா?"