நாலாவது தட்டு

“ஒரு தட்டு தட்டினா இடது பக்கம். ரெண்டு தட்டினா வலது. மூணு தட்டினா வண்டிய நிறுத்திடுவேன்.”

“சரியா கேக்கலைன்னா?”

“நாலு தட்டு. இன்னொரு ரவுண்டு போவேன்.”

“உள்ள பயமா இருந்தா?”

அவன் சிரித்தான். “அதுக்கு எத்தனை தட்டுன்னு நீயே யோசிச்சு வை.”

கல்யாணமான மூன்றாவது மாதம் நடந்த பேச்சு அது. பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது. பயத்துக்கு எத்தனை தட்டு என்று அவள் இன்னும் யோசித்து வைக்கவில்லை.

காரில் எங்கிருந்து சத்தம் வருகிறது என்று கண்டுபிடிப்பதில்தான் அவர்கள் ஒர்க்‌ஷாப்புக்குப் பெயர். பின் சக்கரங்களின் ஷாக் அப்சார்பர் இரண்டும் டிக்கிக்குள் ஆளுக்கொரு ஓரமாகத் தலையை நீட்டிக்கொண்டு, துணி உறைக்கு அடியில் ஒளிந்திருக்கும். அந்தத் தலையைத் தாங்கிப் பிடிக்கிற, ரப்பர் வைத்த இரும்புத் துண்டுதான் மவுண்ட். ரப்பர் தேய்ந்தால் இரும்போடு இரும்பு இடிக்கும். ஓட்டுகிறவருக்கு எல்லாம் பின்னால் எங்கேயோ கேட்கிற மாதிரி இருக்குமே தவிர, இடதா வலதா என்று பிடிபடாது. அதற்கு ஒருவர் டிக்கிக்குள் படுத்து, மூடியைச் சாத்தச் சொல்லி, வண்டி மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது கையால் தொட்டுக் காதால் கேட்க வேண்டும். கேட்டதைப் பின் சீட்டின் முதுகுத் தகட்டில் தட்டிச் சொல்ல வேண்டும்.

அந்த ஒருவர் எப்போதும் அவள்தான். ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. முழங்காலை மடக்கினால் எந்த டிக்கியிலும் அடங்கிவிடுவாள். ஆனால் ‘காது டாக்டர்’ என்று பெயர் வாங்கியவன் அவன்.

“என் பொண்டாட்டி வாய மூடுற ஒரே இடம் டிக்கிதான் சார்” என்பான் வருகிறவர்களிடம். அவர்கள் சிரிப்பார்கள். முதல் இரண்டு வருடம் அவளும் சிரித்தாள்.

அவனிடம் கேட்க அவளுக்கு ஒன்றுதான் இருந்தது. ஒரே ஒரு தடவை அவன் உள்ளே படுக்க வேண்டும், அவள் ஓட்ட வேண்டும். ஓட்டத் தெரியாதவள் இல்லை. ஷெட்டிலிருந்து வண்டிகளைப் பின்னால் எடுப்பது அவள்தான், அதுவும் அவனைவிட நேராக. இடுப்பெலும்பு தகட்டில் இடிப்பது எப்படி இருக்கும், வெளியே யார் பேசிச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் இருட்டில் கிடப்பது எப்படி இருக்கும் என்று அவனுக்கு ஒரு நாள் தெரிந்தால் போதும். பேச்சு தொண்டை வரை வரும். அவன் முகத்தைப் பார்ப்பாள். விழுங்கிவிடுவாள்.

இன்றைக்கு வந்திருந்தது பல் டாக்டரம்மாவின் வெள்ளைக் கார். எட்டு மாதம் முன்பு யாரிடமோ பழையதாக வாங்கியது. இடது மவுண்ட் மூன்று முறை மாற்றியாகிவிட்டது. மூன்றும் கம்பெனிச் சாமான் இல்லை, வெளிக்கடைச் சாமான். வெளிக்கடைச் சாமான் என்றாலும் இரண்டு வருடமாவது உழைக்கும். இந்த வண்டியில் மட்டும் ஐம்பது நாள் தாண்டுவதில்லை.

“ஒவ்வொரு பல்லா தட்டிப் பார்த்தே எது வலிக்குதுன்னு நான் சொல்லிடறேன். உங்களால ஒரு சத்தத்தைப் பிடிக்க முடியலையா, காது டாக்டர்?” என்று காலையில் சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தாள் டாக்டரம்மா. போகும்போது அவளிடம் மட்டும் குரலைத் தாழ்த்தினாள். “நான் அந்த டிக்கியைத் திறக்கறதே இல்லம்மா. காய்கறிப் பையைக்கூட முன் சீட்லதான் வெச்சுக்கறேன். ஏன்னு கேட்டா சொல்லத் தெரியல.”

நான்காவது புதிய மவுண்டை அவன் காலையிலேயே மாட்டிவிட்டான். கழற்றிய பழைய மூன்றும் மேசை மேல் வரிசையாகக் கிடந்தன. துடைத்து வைக்கலாம் என்று எடுத்தவள், ஒன்றைத் திருப்பிப் பார்த்தாள். இன்னொன்றையும் திருப்பிப் பார்த்தாள்.

“இதப் பாருங்க. பாரம் கீழேருந்துதானே முட்டும்? இது மேல்பக்கமா தேஞ்சிருக்கு. டிக்கி பக்கமா.”

“டூப்ளிகேட் ரப்பர். எங்க வேணா தேயும்.”

“மூணுமே ஒரே மாதிரியா?”

“பட்டிமன்றம் அப்புறம் வெச்சுக்கலாம். நாலு மணிக்கு அந்தம்மா வந்துடும். போய்ப் படு.”

அவன் சாவியை எடுக்கப் போனான். ரப்பரின் மேல்புறத்தில் நான்கு சிறு குழிகள் நெருக்கமாக இருந்தன. அவள் தன்னையறியாமல் கையை முஷ்டியாக்கி விரல் முட்டிகளை அவற்றின் மேல் வைத்துப் பார்த்தாள். அச்சாகப் பொருந்தின. சுட்டதுபோல் கையை எடுத்துக்கொண்டாள்.

மதியம் இரண்டு மணி வெயில் மூடியின் விளிம்பில் ஒரு கோடாகச் சுருங்கி, பூட்டு விழுந்ததும் அணைந்தது. பழகிய இருட்டு. கிரீஸ், சூடேறிய ரப்பர், ஸ்டெப்னி டயரின் புழுக்கம், அவள் எப்போதும் விரித்துக்கொள்ளும் சாம்பல் நிறப் போர்வையில் தங்கிப்போன பல கார்களின் வாசம். இவை எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொரு வாசம். நெடுநேரம் பேசாமலே இருந்துவிட்டு வாயைத் திறந்தால் வருமே, அது. தன் வாய்தான் என்று நினைத்து உதட்டை இறுக்கிக்கொண்டாள். வாசம் போகவில்லை.

வண்டி கிளம்பியது. கிடங்குகளின் நீளச் சுவரை ஒட்டிப் போகும் அந்த உடைந்த சாலை அவள் உடம்புக்கு மனப்பாடம். ஏழு வேகத்தடைகள். மரத்தூள் மணத்தால் தச்சுப் பட்டறையும், புளித்த நெடியால் சாய ஆலையும் வந்துவிட்டதை அறிந்துகொள்வாள். ஏழாவதைத் தாண்டினால் ரயில்வே கேட். அதைக் கடந்து சுற்றிக்கொண்டு திரும்புவது ஒரு ரவுண்டு.

முதல் தடை. டக்.

இடது பக்கம். துணி உறைக்குள் கையை விட்டு மவுண்டின் தலையில் உள்ளங்கையை வைத்தாள். இரண்டாவது தடை. டக். கைக்குக் கீழே எதுவும் அசையவில்லை. தூங்குகிற குழந்தையின் உச்சந்தலைபோல, புது ரப்பர் வெதுவெதுப்பாகச் சும்மா இருந்தது. சத்தம் அதிலிருந்து வரவில்லை. அதற்குப் பக்கத்திலிருந்து வந்தது.

நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் இடையில் கொஞ்ச தூரம் நல்ல சாலை. சக்கரம் சீராக ஓடும், எந்த வண்டியும் அங்கே சத்தம் போடாது.

டக்.

கையை உறையிலிருந்து இழுத்துக்கொண்டாள். இடது கையில் டார்ச் இருந்தது. கட்டைவிரல் பொத்தான் மேல் இருந்தது. அழுத்தவில்லை. அழுத்தினால் பார்க்க வேண்டியிருக்கும்.

கேட் மூடியிருந்தது. அவன் எஞ்சினை அணைத்தான். சிக்னல் மணி தூரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. தகடு வெயிலில் விரிகிற மெல்லிய சத்தம், தன் மூச்சு, அதற்கப்பால் ஒன்றுமில்லை என்று அவள் உறுதி செய்துகொண்ட நேரத்தில், சீட்டின் முதுகுத் தகட்டில், அவள் எப்போதும் தட்டும் அதே இடத்தில், ஒரு தட்டு விழுந்தது.

“இடது பக்கம்னு எனக்கும் தெரியும்டி” என்றான் அவன் முன்னாலிருந்து. “புதுசா எதாவது சொல்லு.”

“நான் தட்டலைங்க! ஏங்க! நான் தட்டலை!”

ரயில் வந்துவிட்டது. அவள் கத்தியதையெல்லாம் அது தன் பெட்டிகளோடு இழுத்துக்கொண்டு போனது. போய் முடிந்ததும் எஞ்சின் உறுமியது. எஞ்சின் ஓடும்போது உள்ளேயிருந்து கத்தினால் முன்னால் வெறும் முனகலாகத்தான் கேட்கும். அதனால்தானே தட்டு.

தட்டினாள். ஒன்று. இரண்டு. மூன்று. நிறுத்து.

பிரேக் பிடிக்கும் என்று காத்திருந்த அந்த ஒரு கணத்துக்குள், அதே இடைவெளியில், அதே அழுத்தத்தில், நான்காவது தட்டு கேட்டது. தன் கையே தட்டியதோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. கை அவள் நெஞ்சின் மேல் இருந்தது.

“சரி, சரி. இன்னொரு ரவுண்டுதானே.”

மரத்தூள் மணம் மறுபடி வந்தது. இந்த முறை டார்ச்சைக் கீழே வைத்துவிட்டு, இடது உள்ளங்கையால் தட்டும் இடத்தை முழுக்க மூடிக்கொண்டாள். கீழே வைத்த டார்ச் உருண்டது. உருண்டு போய் மெத்தென்று எதிலோ முட்டி நின்றது. அங்கே முட்டுவதற்கு ஒன்றும் கிடையாது. வலது கையால், விரலிடுக்கில் தகட்டைத் தேடி, மூன்று தட்டினாள்.

நான்காவது அவள் புறங்கையின் மேல் விழுந்தது.

குளிர்ந்த விரல் முட்டி. வலிக்கவில்லை. ‘கொஞ்சம் பொறு’ என்று சொல்வதுபோல அவ்வளவு மென்மையாக இருந்தது. பன்னிரண்டு வருடத்தில் யாரும் அவளை அத்தனை மென்மையாகத் தொட்டதில்லை.

வண்டி வேகமெடுத்தது.

மூன்றாவது ரவுண்டில் அவள் தட்டவே இல்லை. கைகளைத் தொடைகளுக்கு இடையில் செருகிக்கொண்டாள். தட்டு விழுந்தது. நாலு. முன்னால் அவன் என்னவோ சலித்துக்கொண்டான். புளித்த நெடி வந்தது, போனது. ரயில்வே கேட். திருப்பம். மறுபடி மரத்தூள். மறுபடி நாலு.

போர்வை இழுபட்டது. முதுகுப் பக்கமாக.

அவள் அசையவில்லை.

காது மடலில் வெதுவெதுப்பு. மூச்சு இல்லை. மூச்சாக இருந்தால் போய் வரும். இது அப்படியே இருந்தது. நெருக்கமாக. பொறுமையாக. அவளுக்குத் தெரிந்த பொறுமை அது. அவளே அப்படித்தான் இரும்பில் காதை வைப்பாள். அது கேட்கிறது. அவளுக்குள் எங்கே தேய்ந்திருக்கிறது என்று கேட்கிறது.

கழுத்தில் ஒரு விரல் முட்டி. தட்டிப் பார்த்தது. நகர்ந்தது. தோள். தட்டிப் பார்த்தது. நகர்ந்தது. விலா எலும்பு ஒவ்வொன்றாக. எண்ணுவதுபோல. நின்றது.

ஒரு தட்டு.

இடது பக்கம்.

பிரேக். வண்டி நின்றுவிட்டது. செல்போன் அடித்துக்கொண்டிருந்தது. மூடி திறந்து வெயில் முகத்தில் கொட்டியது.

“அஞ்சு ரவுண்டு!” என்றான் அவன், போனைக் கையில் வைத்துக்கொண்டு. “ஒரு சத்தத்துக்கு அஞ்சு ரவுண்டா? காது போச்சா உனக்கு?”

அவளுக்குக் கால் மரத்திருந்தது. விளிம்பைப் பிடித்து ஒருவழியாக இறங்கினாள். அவன் கை கொடுக்கவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

“உங்களுக்கு ஒண்ணும் கேக்கலையா?”

“கேட்டுச்சே. நாலு நாலா நீ தட்டினது. கை வலிக்கலையா?”

நெஞ்சின் இடது பக்கத்தில் அந்த ஒரு தட்டு இன்னும் குளிர்ந்துகொண்டிருந்தது. சொல்ல வேண்டியது நாக்கு நுனியில் தயாராக இருந்தது. இந்த வண்டிய இப்பவே அனுப்பிடுங்க, இனிமே யாரும் இதுக்குள்ள படுக்க வேண்டாம். வாயைத் திறந்துவிட்டாள். அவன் ‘இரு’ என்று விரலைக் காட்டிவிட்டுப் போனைக் காதில் வைத்தான். குரல் உடனே இனித்தது.

“சொல்லுங்க டாக்டரம்மா… கண்டுபிடிச்சாச்சும்மா. தாராளமா நாலு மணிக்கு வாங்க… அய்யோ, வேற யாரையும் நம்பி விடுவேனா? நானே உள்ள படுத்து அஞ்சு ரவுண்டு கேட்டேன்… ஆமாம்மா, மூச்சு முட்டத்தான் செய்யும். பழகிடுச்சு.”

திறந்த வாயை அவள் மெதுவாக மூடினாள். நாக்கு நுனியில் இருந்ததை விழுங்கினாள். அதில் அவளுக்கு நல்ல பழக்கம்.

அவன் டிக்கிக்கு முதுகைக் காட்டி, மூடியின் விளிம்பில் சாய்ந்து, எதிர்முனை சொன்னதற்குச் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் தோளுக்கு மேலாக அவள் உள்ளே பார்த்தாள். அவள் படுத்திருந்த பள்ளம் போர்வையில் அப்படியே இருந்தது, சின்னதாக, மடங்கிய உருவமாக. அதற்குப் பின்னால் இன்னொரு பள்ளம். அவள் பார்க்கப் பார்க்க, அந்த இரண்டாவது பள்ளம் மெல்ல நகர்ந்தது. போர்வை சுருக்கம் சுருக்கமாகத் தள்ளிப்போக, பின்னால், இன்னும் பின்னால், மூலையோடு மூலையாக ஒட்டி அடங்கியது. ஆள் வந்தால் இடம் விட்டு ஒதுங்கிப் படுப்பார்களே, அப்படி. அவளுக்கு வேண்டிய இடத்தைவிட அகலமாக இடம் விட்டது. ஒரு பெரிய ஆம்பிளை தாராளமாகப் படுக்கும் அளவு.

அவன் போனைப் பைக்குள் போட்டான். “என்ன முழிக்கிற? சொல்லு, என்னவோ சொல்ல வந்தியே.”

அவள் புறங்கையைப் புடவையில் ஒரு முறை துடைத்தாள். சாவிக்காகக் கையை நீட்டினாள். குரல் நடுங்கும் என்று நினைத்தாள். நடுங்கவில்லை. கல்யாணமான புதிதில் பேசிய அதே குரல்தான் வந்தது.

“ஒண்ணுமில்லைங்க. ஒரே ஒரு தடவை நீங்க உள்ள படுங்களேன். நான் ஓட்டறேன்.”