ஆறாம் தலைமுறையைக் காணோம்

"ஐயோ...!"

டிவியில் மாட்டி ஆடும் கேம் பெட்டிகளைச் செய்யும் கம்பெனியின் மூன்றாவது மாடியே அதிர்ந்தது.

அலறியவள் பூச்சி மேடம். டெஸ்டிங் பிரிவின் தலைவி. விளையாட்டுகளில் ஒளிந்திருக்கும் பிழைகளை, அதாவது அவர்கள் பாஷையில் பூச்சிகளை, தேடிப் பிடிப்பது அவள் வேலை. லேசில் அசரமாட்டாள்.

இன்று அசந்துவிட்டாள்.

டெஸ்ட் ரூம் தரையில் குப்புறக் கிடந்தார் குக்கர் சார். தலைமை வடிவமைப்பாளர். அவர் செய்த மூன்றாம் தலைமுறைப் பெட்டி, அதாவது மூன்றாவது மாடல், கொஞ்ச நேரம் ஆடினாலே ஆவி விட்டதால் வந்த பட்டப்பெயர்.

மூச்சு இல்லை. பின்மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில் நாலாம் தலைமுறைப் பெட்டி... ரத்தம் தோய்ந்து!

வாங்க ஆளில்லாமல் கிடங்கு கிடங்காகத் தேங்கிக் கிடந்த பெட்டி அது. கடைசியில் ஒரு வேலைக்காவது உதவியிருக்கிறது.

பூச்சி மேடம் நிமிர்ந்தாள்.

மூலையில் இருந்த கண்ணாடிக் கூண்டு காலி. நாளை மேடையில் உலகத்துக்கே காட்டவேண்டிய ஆறாம் தலைமுறைப் பெட்டியைக் காணோம்!

போலீஸ் வந்தது. அதற்கு முன்பே சேர்மன் வந்துவிட்டார். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தபடி.

"எங்க போட்டிக் கம்பெனி வெள்ளைப் பெட்டிக்காரனோட வேலை இன்ஸ்பெக்டர். ஒவ்வொரு தலைமுறையிலயும் எங்களைப் பாத்துக் காப்பி அடிப்பான். இந்தத் தடவை பெட்டியையே தூக்கிட்டான்."

"உள்ள எப்படி வந்தான்?"

"அதைத்தான் கேக்கணும்." சேர்மனின் பார்வை பூச்சி மேடத்தின் மேல் விழுந்தது. "இந்த மேடத்தோட கொழுந்தன் அங்கதான் வேலை பாக்கறான்."

இன்ஸ்பெக்டரின் புருவம் மேலே போனது. கதவைத் திறந்த கார்டுகளின் பதிவைப் பார்த்த கான்ஸ்டபிள் ஓடிவந்து காதில் ஓதினார்.

"ஏம்மா... கடைசியா இந்தக் கதவைத் திறந்தது உங்க கார்டு."

"சார், கார்டை மேஜை மேல போட்டுட்டு காபி குடிக்கப் போனேன். எப்பவும் அப்படித்தான் போவேன். ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும்."

"மாட்டிக்கிட்ட எல்லாரும் காபி குடிக்கத்தான் போயிருப்பாங்க. ஸ்டேஷனுக்குக் கிளம்புங்க."

பள்ளி விடும் நேரம். வாசலில் நின்று அம்மாவைத் தேடும் மகளின் முகம் கண்ணுக்குள் வந்தது. கொலைகாரியின் மகள் என்று நாலு பேர் சொன்னால் அந்தக் குழந்தை என்ன ஆகும்?

அப்போதுதான் டெஸ்ட் ரூம் டிவியைக் கவனித்தாள்.

திரையில் குக்கர் சாரின் முகம் உறைந்து நின்றது. கீழே இரண்டே வரிகள்.

'இந்த வீடியோவை அழிக்கவா?'

'அழிப்பது ரத்து செய்யப்பட்டது.'

யாரோ எதையோ அழிக்க வந்திருக்கிறார்கள். வந்தவர் ஏன் ரத்து செய்யவேண்டும்?

அவள் மூளையில் ஒரு பூச்சி ஊர்ந்தது.

"சார், அதுல குக்கர் சார் பதிவு பண்ணின வீடியோ இருக்கு," என்றாள் மெதுவாக. "போட்டுப் பாக்கலாமே."

"வேண்டாம்!" சேர்மன் குறுக்கே பாய்ந்தார். "அது கம்பெனி ரகசியம். வெளிய போனா நாங்க தெருவுக்கு வந்துடுவோம்."

"அப்ப அழிச்சிடுங்க சார். சேர்மனுக்கு இல்லாத உரிமையா?"

"ஆதாரம் அது, யாரும் தொடாதீங்க..." என்று இன்ஸ்பெக்டர் வாய் திறப்பதற்குள் சேர்மன் டிவி முன்னால் கிடந்த, பொத்தான்கள் வைத்த கன்ட்ரோலரைப் பறித்தார். அவர் கட்டைவிரல் பாய்ந்து அமுக்கியது.

'அழிப்பது ரத்து செய்யப்பட்டது.'

மறுபடி அமுக்கினார். மறுபடி ரத்து.

"என்ன எழவு இது..."

"வலது பொத்தானை அமுக்கறீங்க சார்," என்றாள் பூச்சி மேடம். "நம்ம பெட்டில கீழ இருக்கறதுதான் 'சரி'. வலதுல இருக்கறது 'வேண்டாம்'."

சேர்மனின் முகம் வெளுத்தது.

"புரியறாப்ல சொல்லுங்கம்மா," என்றார் இன்ஸ்பெக்டர்.

"ரெண்டாம் தலைமுறையில இந்தப் பொத்தானுக்காக ரெண்டு கம்பெனியும் கோர்ட்டுக்குப் போச்சு சார். நாங்க ஜெயிச்சோம். அவங்க தலைகீழா மாத்தி வெச்சாங்க. அவங்களுக்கு வலதுதான் 'சரி'. தினம் வெள்ளைப் பெட்டியில ஆடற கட்டைவிரல்தான் இப்படித் தப்பா போகும். கொலை பண்ணினவரும் இதே தப்பைப் பண்ணிட்டு, திரையைக்கூடப் பாக்காம, அழிஞ்சிடுச்சுன்னு நினைச்சு ஓடியிருக்காரு."

"'எங்க பெட்டியைத் தவிர வேற எதையும் கையால தொட்டதில்லை'ன்னு டிவியில சொன்னீங்களே சார்," என்று இன்ஸ்பெக்டர் கன்ட்ரோலரை நாசூக்காக வாங்கிக்கொண்டார். "மேடம், வீடியோவைப் போடுங்க."

அவள் கன்ட்ரோலரை வாங்கி, வீடியோவைத் தேர்ந்தெடுத்துக் கீழ்ப் பொத்தானை அமுக்கினாள். திரையில் குக்கர் சார் வந்தார். தூக்கமில்லாத முகம்.

'ஆறாம் தலைமுறைன்னு ஒண்ணு கிடையாது. எதிராளி என்ன செய்யறான்னு பாத்துட்டு செய்யலாம்னு சேர்மன் சொல்லிட்டாரு. கூண்டுல இருக்கறது வெறும் டப்பா. உள்ள ஒண்ணுமே கிடையாது. நாளைக்கு மேடையில ஏறி எல்லாத்தையும் சொல்லிடுவேன்...'

"கேட்டுப் பாத்தேன், கெஞ்சிப் பாத்தேன்," சேர்மன் நாற்காலியில் சரிந்தார். "அவன் மசியல. திருட்டுப் போச்சுன்னு சொன்னா மானமாவது தப்பும்னு நினைச்சேன். மேடம் கார்டை எடுத்துத்தான் கதவைத் திறந்தேன். டப்பா என் கார் டிக்கியில இருக்கு."

"அப்ப கொலையை ஒத்துக்கறீங்க?"

"ஒத்துக்கறேன். ஒரே ஒரு உதவி இன்ஸ்பெக்டர். என் வீட்ல வெள்ளைப் பெட்டி இருக்கறதை மட்டும் பத்திரிகைக்காரங்ககிட்ட சொல்லிடாதீங்க."

விலங்கு மாட்டி அழைத்துப் போனார்கள்.

பூச்சி மேடத்துக்கு உயிர் திரும்பி வந்தது. கைப்பையைத் தூக்கிக்கொண்டு படியில் பறந்தாள். மகளைக் கூப்பிடப் போகவேண்டும். சேர்மனே உள்ளே போனபின் வேலை போனது போனதுதான், தலை தப்பியதே பெரிது!

வாசலைத் தாண்டுவதற்குள் போன் அலறியது. கொழுந்தன்.

"அண்ணி, உங்க சேர்மனைப் பிடிச்ச விஷயம் டிவியில ஓடுது. எங்க சேர்மன் உங்ககிட்ட பேசணுமாம். இருங்க, தர்றேன்."

வெள்ளைப் பெட்டி சேர்மனின் குரல் குழைந்தது.

"உங்களுக்கு இங்க வேலை ரெடி மேடம். டிபார்ட்மென்ட் முழுக்க உங்க கையில. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க. உங்க ஆறாம் தலைமுறைப் பெட்டிக்குள்ள என்னதான் இருந்துச்சு? அது தெரியாம எங்க எஞ்சினியருங்க கையைக் கட்டிட்டு உக்காந்திருக்காங்க."

"உள்ள ஒண்ணுமே இல்ல சார்."

மறுமுனையில் பேனா மூடி திறக்கும் ஓசை.

"ஓஹோ... ஒண்ணுமே இல்லையா. அது எத்தனை ஜிபி?"