இடது முன்சக்கரம்

விடியும் நேரம். தொண்டியிலிருந்து ஆர்.எஸ்.மங்கலம் போகும் சாலையில் ஒருவன் குறுக்கே ஓடிவந்து மீன் லாரியைக் கைகாட்டி நிறுத்தினான். சாலையோரம் ஒரு வெள்ளைக் கார். இடது முன்சக்கரம் காற்றில்லாமல் சப்பிக் கிடந்தது. காருக்கடியில் மார்பு நசுங்கி டாக்சிக்கார ஜாபர் சாதிக். பக்கத்தில் சரிந்து விழுந்த ஜாக்கி.

லாரியை நிறுத்தியவன் தவ்ஃபீக். ஜாபரிடம் தொழில் கற்று, அவருக்கு மாற்று டிரைவராக இருந்தவன். அண்ணன் முறையில் அவரைக் காக்கா என்பான்.

இன்ஸ்பெக்டர் பூமயில் அங்கேயே விசாரித்தார்.

"என்ன நடந்துச்சு?"

"வண்டி பஞ்சர் மேடம். காக்கா ஜாக்கி போட்டுத் தூக்கினாரு. அடியில எட்டிப் பாத்தாரு. சரிஞ்சிருச்சு."

"சக்கரத்துல நட்டெல்லாம் இறுக்கமா இருக்கே?"

"அதுல கை வைக்கிறதுக்குள்ளதான் விழுந்துருச்சே மேடம்."

விபத்து என்று முடிந்தது. நட்டைத் தொடுமுன்பே வண்டி சரிந்தது என்றுதான் வீட்டிலும் சொன்னார்கள். சில நாளில் ஒரு போலீஸ்காரர் அந்தச் சக்கரத்தில் காற்றை மட்டும் அடித்து, காரை ஓட்டிவந்து வீட்டு வாசலில் விட்டுப் போனார்.

ஜாபரின் மனைவி நஃபீசா, கணவனை இழந்தவள் இருக்கவேண்டிய இத்தா இருந்தாள். நாலு மாதத்துக்கு மேல் வீட்டுக்குள்ளேயே. அழுகை வரவில்லை. சோறு வைத்தால் தின்றாள், விளக்கை அணைத்தால் படுத்தாள். காரை யாரும் தொடவில்லை.

இத்தா முடிந்ததும் எல்லாரும் காரை விற்கச் சொன்னார்கள். அவளே டாக்சி ஓட்டப்போவதாகச் சொன்னாள். ஓட்டத் தெரியும், பானட்டைத் திறக்கக்கூடத் தெரியாது. தவ்ஃபீக் தானாக வந்தான்; காக்காவின் மனைவி அவனுக்கு லாத்தா, அக்கா முறை. "நான் சொல்லித் தாரேன் லாத்தா."

முதல் நாள் செத்துப்போன பேட்டரியை மாற்றிக் காட்டினான். ஆயில் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, அளவு பார்க்கச் சொன்னான். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கக் கூடாது என்றான். சொன்னதையெல்லாம் அவள் செய்தாள். விரல்கள் யாருடையவோ போல வேலை செய்தன.

அவன் போன பிறகு, டேஷ்போர்டில் கிடந்த காற்றுமானியை எடுத்து நாலு சக்கரத்திலும் வைத்துப் பார்த்தாள். நாலிலும் முள் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நின்றது.

மறுநாள் சக்கரம் மாற்றும் பாடம். நஃபீசா எடுத்தவுடன் ஜாக்கியை உள்ளே தள்ளினாள்.

"இருங்க, இருங்க. மொதல்ல நட்டை லூசாக்குங்க."

"தூக்கிட்டுக் கழட்டுனா என்ன?"

"சக்கரம் சுத்தும் லாத்தா. வண்டியும் ஆடும். தரையில இருக்கயிலேயே லூசாக்கிறணும். எனக்கு மொத நாளே காக்கா சொன்னது இது. தப்பாச் செஞ்சா கையில அடிப்பாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தான். நஃபீசா அவனைப் பார்த்தாள். "சரி," என்று ஸ்பானரை நட்டில் மாட்டினாள்.

மறுநாள் காலை காரை ஸ்டேஷனுக்கே ஓட்டிப்போனாள். பூமயில் சம்பவ இடத்தில் எடுத்த பழைய போட்டோக்களை எடுத்துப் போட்டார். தவ்ஃபீக்கை வரவழைத்தார்கள்.

"அவரைக் கொன்னது இவன்தான் மேடம்," என்றாள் நஃபீசா. குரல் ஏறவில்லை. "நட்டை லூசாக்காம அவரு வண்டியத் தூக்க மாட்டாரு. இவனே சொன்னான்."

"அன்னைக்கு மறந்திருக்கலாமேம்மா?"

"இருக்கலாம். ஆனா பஞ்சரான சக்கரத்துக்கு யாரும் ஒட்டுப் போடலையே. உங்க ஆளு வெறுங்காத்துதான் அடிச்சாரு. நாலு மாசமா அந்தக் காத்து அப்படியே நிக்கிது."

பூமயில் ஆளை விட்டு அந்த இடது முன்சக்கரத்தைக் கழற்றினார். பஞ்சர் கடைத் தொட்டியில் டியூபை முக்கிச் சுற்றினார்கள். ஒரு குமிழிகூட வரவில்லை.

"வால்வைத் திறந்து காத்தை யாருடா விட்டது?"

தவ்ஃபீக் ஒப்புக்கொண்டான். நடந்ததைச் சொன்னான். டிக்கியில் அவன் கடத்திய, பிடிக்கத் தடையுள்ள கடல் அட்டை மூட்டையை ஜாபர் பார்த்துவிட்டார். போலீசுக்குப் போகிறேன் என்றார். பிடித்துத் தள்ளினான், கல்லில் தலை அடித்தது. செத்துவிட்டார் என்று நினைத்து மூட்டையை ஒளித்தான், காற்றைப் பிடுங்கிவிட்டான், ஜாக்கியில் வண்டியைத் தூக்கி, அவரை அடியில் தள்ளி, அவர்மேல் இறக்கினான்.

"லாத்தா, உங்களுக்கு ஏதாவது செய்யணும்னுதான் சொல்லித்தர வந்தேன்."

"தெரியும். நல்லாத்தான் சொல்லிக் குடுத்தே."

பூமயில் வெளிவாசல் வரை வந்தார். "வழக்கு முடியிற வரைக்கும் வண்டி இங்கதான் நிக்கணும்மா. எப்ப கிடைக்கும்னு சொல்ல முடியாது."

அவள் சாவியை அவர் கையில் வைத்துவிட்டு, வெயிலில் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள். பஸ்ஸில் கண்டக்டர் எங்கே, எத்தனை ஆள் என்று இரண்டு தடவை கேட்டும் அவளுக்கு விளங்கவில்லை. மறுபடி கேட்டபோது தலையை நிமிர்த்தினாள்.

"தொண்டி," என்றாள். "ஒரு ஆளு."

சொன்ன பிறகுதான் அழுதாள்.